மாமனாருக்கு ஒரு பிழையில்லாத பேனர்

என் வாழ்நாளில் நான் தெலுங்கில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் எழுதியது ஒரே ஒரு பேனர்தான். அதைப் பார்த்துவிட்டு, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு நன்றாக உயிரோடு இருந்த ஒரு மனிதருக்காக இரண்டு பேர் வாய்விட்டு அழுதார்கள். அந்த மனிதர் என் மாமனார். இந்தக் கதையைச் சொந்தக்காரர்கள் ஆரம்பித்தால் இப்போதெல்லாம் நானும் சேர்ந்து சிரித்துவிடுகிறேன். நான் சிரிக்காவிட்டாலும் அவர்கள் சிரிக்கத்தான் போகிறார்கள். அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இன்னும் கொடுமை.

எனக்குச் சொந்த ஊர் நகரி. ஆந்திராதான். ஆனால் வீட்டில் தமிழ், நைனாவின் பவர்லூம் கொட்டகையில் தமிழ், பள்ளிக்கூடத்திலும் தமிழ் மீடியம். தெலுங்கு எனக்குக் காது வழியாக வந்த மொழி. சந்தையில் பேரம் பேச, கண்டக்டரோடு சண்டை போட, மண்டல ஆபீசில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க அது போதும். எழுத்து என்றால், பஸ் போர்டு படிப்பேன். பஸ் நின்றுகொண்டிருந்தால் படிப்பேன். கிளம்பிவிட்டால் நான் கடைசி எழுத்துக்கு வருவதற்குள் பஸ் போய்விடும். சென்னைக்குப் போனால் என்னைக் கொல்ட்டி என்றார்கள். திருப்பதிக்கு வந்தால் அரவவாடு, அதாவது தமிழன், என்றார்கள். இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான்: நீ எங்க ஆள் இல்லை.

இப்படிப்பட்டவன் போயும் போயும் சந்திரகிரியில் ஒரு தெலுங்கு மாஸ்டரின் மகளைக் காதலித்தேன். (கணக்கு மாஸ்டர், டிரில் மாஸ்டர் என்று எத்தனையோ பேருக்குப் பெண்கள் இருந்தார்கள்.) திருப்பதியில் எம்.எஸ்சி. படிக்கும்போது லாவண்யா எனக்கு ஒரு வகுப்பு கீழே. அவள் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது, மாஸ்டர் கத்தவில்லை, அடிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "ரெண்டு வரி தெலுகு தப்பில்லாம எழுதத் தெரியாதவனா என் மருமகன்?" மனதில் வேறு காரணங்கள் இருந்திருக்கும். வாய்விட்டுச் சொன்னது இது.

நாங்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டு திருப்பதியில் வீடு பிடித்தோம். லாவண்யாவுக்கு அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் வேலை. எனக்குச் சித்தூருக்கு வெளியே மாம்பழக் கூழ் ஆலையில், கூழின் இனிப்பை அளந்து நோட்டில் எழுதும் வேலை. சந்திரகிரி எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம். ஒரு வருஷம் அங்கிருந்து ஒரு போன் இல்லை.

இதற்கிடையில் லாவண்யா தமிழ் கற்றுக்கொண்டுவிட்டாள். புத்தகம் இல்லை, வகுப்பு இல்லை. நகரிக்குப் போகும்போதெல்லாம் அடுப்படியில் என் அம்மாவோடு உட்கார்ந்து கதை பேசுவாள். மூன்றே மாதத்தில் என்னோடு தமிழில் சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டாள். அம்மாவிடம் கற்ற தமிழ் என்பதால் அதில் 'நீங்க' என்பதே கிடையாது. "இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வச்சிக்கினு கீற? வந்து துன்னு" என்று அவள் சொல்லும்போது என் அம்மாவே சேலை மாற்றிக்கொண்டு வந்த மாதிரி இருக்கும்.

இதைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் விஞ்ஞானம் படித்தவன். எனக்கு விஞ்ஞான முறை வேண்டியிருந்தது.

அது ஒரு வீடியோவில் கிடைத்தது. நறுக்கென்று ஆங்கிலம் பேசும் ஓர் ஆள், எந்த மொழியையும் அட்டைகளால் கற்கலாம் என்றார். போனில் ஓர் ஆப். அட்டையின் முன்பக்கம் ஒரு சொல், பின்பக்கம் அர்த்தம். முன்பக்கத்தைப் பார்த்து அர்த்தத்தை நினைவுபடுத்த வேண்டும், பிறகு திருப்பிப் பார்க்க வேண்டும். தெரியவில்லை என்றால் அது உடனே திரும்பி வரும். தெரிந்தால் மூன்று நாள் கழித்து வரும். அப்போதும் தெரிந்தால் ஒரு வாரம், பிறகு மூன்று வாரம், பிறகு இரண்டு மாதம். நாம் மறக்கப்போகிற சமயம் பார்த்து அட்டை வந்து நிற்கும். இப்படி நாலைந்து முறை தாண்டிவிட்டால் அந்தச் சொல் ஆயுளுக்கும் போகாது என்றார் அவர். அதில் பொய்யே இல்லை. அதற்கு நானே உயிருள்ள சாட்சி.

இன்னொன்றும் சொன்னார். அட்டையை நீங்களே தயாரியுங்கள், அப்போதுதான் மனதில் பதியும் என்று. தயாரிக்கிறவன் முட்டாளாக இருந்தால் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எட்டு மாதம். தினமும் திருப்பதி–சித்தூர் பஸ்ஸில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், குனிந்த தலை நிமிராமல் அட்டை போட்டேன். முதலில் எழுத்துகள். பிறகு சொற்கள். பேப்பரிலிருந்து, கடைப் பலகையிலிருந்து, பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக் கட்டியிருக்கும் தலைவர்களின் பேனர்களிலிருந்து. வீட்டுக்கு வந்தால் மிச்ச அட்டைகள். லாவண்யா வேலையிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நடந்ததைத் தெலுங்கில் சொல்ல ஆரம்பிப்பாள்.

"ஒரு நிமிஷம் இரு. இன்னும் நாப்பது கார்டு கீது."

"இன்னா கார்டு?"

"தெலுகு."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு எழுந்து போய்விடுவாள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. (ஆமாம். நிம்மதியாகத்தான் இருந்தது.) நான் தெலுங்கு பேசினால் அவள் சிரிப்பாள். கெட்ட சிரிப்பு இல்லை, ஆனால் சிரிப்பு. அட்டை சிரிக்காது.

அந்தக் காலத்தில்தான் 'வர்தந்தி' என்ற சொல் எனக்குக் கிடைத்தது. சித்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பேனர். பெரிய மீசை வைத்த ஒரு தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் மாலை, சுற்றிலும் பூ, கீழே கும்பிட்டபடி பத்துப் பதினைந்து தொண்டர்களின் முகங்கள், பிற்பகல் அன்னதானம் என்று ஒரு வரி. நடுவில் கொட்டை எழுத்தில் 'வர்தந்தி'. நான் யோசித்தேன். வர்தனம் என்றால் வளர்ச்சி. ஒரு மனிதன் ஒவ்வொரு வருஷமும் வளர்வது எந்த நாளில்? பிறந்த நாளில். ஆஹா! பிறந்தநாளுக்கு ஊரெல்லாம் 'புட்டின ரோஜு' என்கிறது. அது தெருத் தெலுங்கு. இது இலக்கணத் தெலுங்கு. பஸ்ஸிலேயே அட்டை செய்தேன். முன்பக்கம் வர்தந்தி, பின்பக்கம் பிறந்தநாள்.

உங்களுக்குத் தெலுங்கு தெரிந்திருந்தால் இப்போதே தலையில் கை வைத்திருப்பீர்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வர்தந்தி என்றால் நினைவு நாள். செத்த நாள்.

அந்த அட்டை மூன்று நாளில் வந்தது. 'சுலபம்' என்ற பொத்தானை அழுத்தினேன். ஒரு வாரத்தில் வந்தது, மூன்று வாரத்தில் வந்தது, இரண்டு மாதத்தில் வந்தது. ஒவ்வொரு முறையும் சுலபம். மற்றச் சொற்களெல்லாம் என்னைப் பாடாய்ப் படுத்தின. இது ஒன்றுதான் பார்த்ததும் பல்லைக் காட்டிக்கொண்டு அர்த்தம் சொன்னது.

எட்டாவது மாதம் சந்திரகிரியிலிருந்து போன் வந்தது. லாவண்யாவின் அண்ணன் கிரண். நைனாவுக்கு அறுபது முடிகிறது, வீட்டில் சஷ்டிபூர்த்தி, இரண்டு பேரும் வாருங்கள் என்றான். நம் பக்கத்தில் அறுபதாம் கல்யாணம் என்பது அதுதான். மாஸ்டர் மறுபடியும் மாமியாருக்குத் தாலி கட்டுவார். போனை வைத்துவிட்டு லாவண்யா அடுப்படிக்குப் போய் வெகுநேரம் குழாயைத் திறந்து விட்டிருந்தாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"நீ ஒண்ணும் பேச வேணாம், இன்னா? வந்து கும்புட்டுட்டு நில்லு. அது போதும்" என்றாள்.

அது எனக்குச் சுருக்கென்றது. எட்டு மாதம் படித்தவனைப் பார்த்து, பேச வேண்டாம் என்கிறாள்! சரி, பேசவில்லை, எழுதிக் காட்டுகிறேன் என்று முடிவு செய்தேன். அவளிடம் சொல்லவில்லை. திடீரென்று பார்த்து அசந்து போகட்டும் என்று நினைத்தேன்.

சித்தூரில் ஆலைக்குப் போகும் வழியில் ஒரு பேனர் கடை. கம்ப்யூட்டருக்கு முன்னால் ஐம்பது வயதுக்காரர், மூக்கின் நுனியில் கண்ணாடி. மாஸ்டரின் போட்டோவைக் கொடுத்து, அறுபதாவது வர்தந்தி என்று எழுதிய காகிதத்தையும் கொடுத்தேன். அவர் போட்டோவையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தாத்தகாரா?" என்று கேட்டார்.

"காது. மாமகாரு." இல்லை, மாமனார் என்றேன்.

"அரவையவதா?"

"அவுனு, அறுபதாவது."

அவர் உதட்டைப் பிதுக்கி 'ச்ச்' என்றார். அறுபது வயதிலும் இவ்வளவு இளமையாக இருக்கிறாரே என்று வியக்கிறார் என நினைத்துக்கொண்டு நான் பெருமையாகச் சிரித்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, வாழ்த்துகள் என்ற அர்த்தத்தில் நான் எழுதியிருந்த 'சுபாகாங்க்ஷலு'வைப் பென்சிலால் தொட்டு, இது இங்கே வராது சார், 'கன நிவாளி' என்றுதான் போட வேண்டும் என்றார். நிவாளி என் அட்டையில் இருந்தது. அர்த்தம், மரியாதை செலுத்துதல். வாழ்த்தைவிட மரியாதை உயர்ந்ததுதானே? போடுங்கள் என்றேன். போட்டோவுக்கு மாலை வைக்கட்டுமா என்றார். வையுங்கள். இரண்டு பக்கமும் தீபம்? தாராளமாக. நம் வீட்டு விசேஷத்தில் குத்துவிளக்கு இல்லாமலா?

பாவம், அந்த மனிதர் தன் வேலையைச் சுத்தமாகச் செய்தார். மாலை ஈரம் சொட்டுவது போல இருந்தது. தீபத்தின் சுடர் ஆடுவது போலவே இருந்தது. கீழே என் பெயர், 'மருமகன்' என்ற அடைமொழியோடு.

விசேஷத்தன்று காலை சந்திரகிரி போய்ச் சேர்ந்தோம். லாவண்யாவை அவள் அம்மா வாசலிலேயே கட்டிக்கொண்டு உள்ளே இழுத்துப் போனார். நான் ஸ்கூட்டரின் முன்னால் வைத்திருந்த சுருளைப் பிரித்தேன். தெருவாசலில் ஏற்கனவே கிரண் கட்டிய பேனர் ஒன்று இருந்தது, சஷ்டிபூர்த்தி சுபாகாங்க்ஷலு என்று. சாதாரணத் தெலுங்கு. என்னுடையதை அதற்கு முன்னால், அதைப் பாதி மறைக்கிற மாதிரி கட்டினேன். (என்னுடையது ஒன்றரை அடி பெரிது. அளவு சொன்னதே நான்தான்.) உள்ளே ஹோமப் புகை, மேளம். எல்லோரும் அங்கே இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. நான் போய்ப் பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

முதலில் ஓர் ஆட்டோ வந்தது. மாஸ்டரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர் ஒருவரும் அவர் மனைவியும் இறங்கினார்கள். பேனரைப் பார்த்தார்கள். டிரில் மாஸ்டர் தெருவிலேயே செருப்பைக் கழற்றினார். தோளிலிருந்த துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, "நின்ன கூட போன்லோ மாட்லாடினாடே!" என்றார். நேற்றுகூட போனில் பேசினானே என்று. அறுபதாவது நினைவு நாள் என்றால் ஆள் போய் அறுபது வருஷம் ஆகியிருக்க வேண்டும். அழுகை வந்தவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை. அந்த அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. மாலையும் தீபமும் போதுமாக இருந்தது. மார்பில் அடித்துக்கொண்டு குரலெடுத்தார்.

மேளம் நின்றது. ஹோமத்திலிருந்து எழுந்து மாஸ்டரே வெளியே வந்தார். பட்டு வேட்டி, நெற்றியில் குங்குமம், கையில் தர்ப்பை. அவரைப் பார்த்ததும் அந்த அம்மாள் இன்னும் பெரிதாக ஒரு சத்தம் போட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மாஸ்டர் பேனரைப் படித்தார். முப்பத்தைந்து வருஷம் பரீட்சைத் தாள் திருத்திய மனிதர். மேலிருந்து கீழே, ஒவ்வொரு எழுத்தாக, என் பெயர் வரைக்கும் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தப்புலேமி லேவு" என்றார். பிழை ஒன்றும் இல்லை.

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

அவருக்குப் பின்னால் நின்றிருந்த மாமியார் பேனரைப் பார்த்தபடி, இன்னும் அரை மணியில் புதுத் தாலி ஏறவிருந்த தன் கழுத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். அந்தக் கைகளைப் பார்த்த பிறகுதான் எனக்கு என்னவோ நடந்திருக்கிறது என்றே உறைத்தது. அதுவரை, நன்றாக வந்திருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேனரைக் கிழித்து இறக்கியது கிரண். அவன் சொல்லித்தான் எனக்கு அர்த்தம் தெரிந்தது. நான் தெரியாமல் செய்துவிட்டேன், அட்டையில் தப்பாக எழுதிவிட்டேன் என்று போனை எடுத்து ஆப்பைத் திறந்து காட்டினேன். வர்தந்தி, பிறந்தநாள். இதோ பார். அவன் போனைக் கையில் வாங்கி அடுத்த அட்டையைத் தள்ளினான். 'நிவாளி'. அர்த்தம் சரி. அடுத்தது 'சந்தாபம்', இரங்கல். அர்த்தம் சரி. அடுத்தது 'திவங்கத', காலமான. அதுவும் சரி. பேனர்களைப் பார்த்துப் படித்தவனின் போனில் வேறென்ன இருக்கும்?

"சந்தாபம் தெலுசு, திவங்கத தெலுசு" என்றான் கிரண். "இதி மாத்ரம் தெலியதா, பாவா?"

சந்தாபம் தெரியும், திவங்கத தெரியும், இது மட்டும் தெரியாதா, மச்சான்? அந்த பேனரில் நாலு எழுத்துப் பிழை இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். அரவவாடு, பாவம், தெலுங்கு தெரியாமல் உளறிவிட்டான் என்று சிரித்திருப்பார்கள். மாலை, தீபம், நிவாளி எல்லாம் அதனதன் இடத்தில் கச்சிதமாக இருந்தன. ஒரு வருஷம் வீட்டுப் படியேற விடாதவர்களைப் பழிவாங்க ஒருவன் திட்டம் போட்டு எழுதியது போலவே இருந்தது. எட்டு மாத உழைப்பில் நான் சம்பாதித்தது இந்த ஒன்றுதான்: தெரியாமல் செய்தேன் என்று சொல்லும் உரிமை எனக்குப் போய்விட்டது.

புரோகிதர் தனியாக ஒரு சாந்தி ஹோமம் செய்தார். அது முடியும் வரை நான் பந்தலுக்கு வெளியே, ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை. பிறகு சாப்பாடு போட்டார்கள். பரிமாறியவர் குறை வைக்கவில்லை. லாவண்யா என் பக்கத்தில் உட்காரவில்லை. கிளம்பும்போது மாமியார் அவளிடம் சொன்னாராம், மாஸ்டர் இப்படிச் சொன்னார் என்று: "அவனுக்குத் தெலுகு தெரியாதுன்னு நான்தான் தப்பா சொல்லிட்டேன். நல்லாவே தெரிஞ்சிருக்கு."

வீட்டுக்குத் திரும்பியதும் லாவண்யா பட்டுப்புடவையோடு கட்டிலில் உட்கார்ந்தாள். நான் மன்னிப்புக் கேட்பதற்கு எந்த மொழியில் ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

"எட்டு மாசம்" என்றாள். "எட்டு மாசம் நானு உன் பக்கத்துலயே உக்காந்துக்கினு இருந்தேன். ஒரே ஒரு வார்த்த. 'லாவண்யா, இதுக்கு இன்னா அர்த்தம்'னு ஒரு வார்த்த கேட்டியா நீ?"

"நீ சிரிப்பேன்னு..."

"சிரிச்சா இன்னா? செத்தாப் பூடுவ?"

அன்றே ஆப்பை அழித்தேன். ஆனால் அது தன் வேலையை முடித்துவிட்டுத்தான் போயிருந்தது.

இரண்டு வருஷம் கழித்து எங்களுக்குப் பெண் பிறந்தது. மாஸ்டர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். குழந்தையைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, "குழந்தை நல்லா இருக்கு. நீங்க சாப்ட்டீங்களா?" என்றார். சுத்தமான தமிழில். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் போன பிறகு லாவண்யாவிடம் கேட்டேன்.

"உங்க நைனாவுக்குத் தமிழ் தெரியுமா?"

"சித்தூர்ல பத்து வருஷம் வேல பாத்தாரு. தெரியாம இருக்குமா?"

"நீ சொல்லவே இல்லியே!"

"நீ கேக்கவே இல்லியே."

அன்றிலிருந்து அவர் என்னோடு தமிழில்தான் பேசுகிறார். நான் தெலுங்கில் ஆரம்பித்தாலும் தமிழில்தான் பதில். மரியாதை குறையாது. 'நீங்க' போடாமல் பேசவே மாட்டார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசும் மரியாதை அது.

சந்திரகிரி வீட்டில் மற்றவர்களுக்கு அந்த பேனர் காமெடியாகிவிட்டது. மாமியார்கூட இப்போது கழுத்தைப் பொத்திக் காட்டிச் சிரிப்பார். யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் வர்தந்தி எப்போது என்றுதான் கேட்பார்கள். கிரண் என் மகளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டான். அவளுக்கு இப்போது ஐந்து வயது. போன மாதம் மாஸ்டரின் பிறந்தநாளன்று ஸ்பீக்கரில் போட்டு, "தாத்தா, வர்தந்தி சுபாகாங்க்ஷலு!" என்று கத்தினாள். அந்தப் பக்கம் வீடே அதிர்ந்தது. அந்தச் சிரிப்புகளுக்கு நடுவில் மாஸ்டரின் சிரிப்பும் கேட்டது. இத்தனை வருஷத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் முறை.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பேசிவிடலாம் என்று மகளிடமிருந்து போனை வாங்கினேன். "மாமகாரு, ஜன்மதின சுபாகாங்க்ஷலு" என்றேன். லாவண்யாவிடம் கேட்டு, பத்து முறை சொல்லிப் பார்த்து வைத்திருந்தது.

சிரிப்பு நின்றது.

"இருக்கட்டும்" என்றார் அவர். "தமிழ்லயே சொல்லுங்க."

பன்னிரண்டு வருஷம் தமிழ் மீடியத்தில் படித்தவன் நான். வாயைத் திறந்தேன். பிறந்தநாளுக்குத் தமிழில் என்ன சொல்வார்கள் என்று தேடினால், நாக்கில் முதலில் வந்து நின்றது 'வர்தந்தி'தான். அதை விழுங்கிவிட்டு, போனை லாவண்யாவிடம் கொடுத்தேன்.